ஒரு சொட்டு மல்லிகை

ஆராய்ச்சி என்பது, ஊரே ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு மறந்துபோகிற பொருளைக் கூடை கூடையாக வாங்கி, ஒரு சொட்டாக வற்றவைத்து, அந்தச் சொட்டும் சிந்திவிடுமோ என்று பயந்துகொண்டே இருக்கிற தொழில்.

ஐம்பதுகளின் கடைசியில் ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. வாங்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாடம் படித்துப் பரீட்சை எழுதுவது. இன்னொன்று, ஒரு புரொபசரிடம் சேர்ந்து ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதிக் கொடுப்பது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே நேரத்தைக் கோட்டைவிடுகிற ஆள் நான். அதனால் இரண்டாவது வழியில் போனேன். வேடிக்கை பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. ஆராய்ச்சி என்று போய் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, நீங்களும் இப்படி எதையாவது நம்பித்தானே போயிருப்பீர்கள்?

என் புரொபசர் மதுரையில் இருந்தார். அவர் எனக்குக் கொடுத்த தலைப்பு, மல்லிகைப் பூவின் வாசனை எண்ணெய். பூவிலிருந்து எண்ணெயைப் பிரித்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். "மதுரைக்கு வந்து சேர்றதுக்குள்ள பூ வதங்கிப் போகும். நீ திண்டுக்கல்காரன், உங்க ஊர்லயே வச்சுச் செய். எண்ணெயை ஒரு குப்பியில கொண்டு வா. தொறந்தா பூ மாதிரி மணக்கணும். மணந்தாத்தான் மேற்கொண்டு பேச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் பட்டமும் அதற்குப் பிறகு வரப்போகிற வாழ்க்கையும் விரல் நீளக் குப்பி ஒன்றுக்குள் போய் அடங்கிவிட்டன.

நான் படித்த உயர்நிலைப் பள்ளியில், சயன்ஸ் ரூமுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓட்டு அறை ஒன்றை ஹெட்மாஸ்டர் எனக்கு ஒதுக்கித் தந்தார். அங்கே பெஞ்சுகளோடு எனக்குக் கிடைத்த துணை, பள்ளியின் லாப் அட்டெண்டர் ஆரோக்கியம் அண்ணன்.

கல்யாணம் யாருக்கு?

விடிந்தும் விடியாத நேரத்தில் பூ மார்க்கெட்டுக்குப் போவேன். ஆத்தூர்ப் பக்கமிருந்தும் நிலக்கோட்டைப் பக்கமிருந்தும் மொட்டுகள் சாக்கிலும் கூடையிலும் வந்து இறங்கும். மலைக்கோட்டைப் பாறை மேல் வெயில் படுவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கிற மொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். பின்னாலிருந்து யாராவது இடித்தால்தான் நான் வாங்க வந்தவன் என்பது நினைவுக்கு வரும்.

பேச்சியம்மா என்ற பூக்காரம்மாவிடம் எனக்கு வாடிக்கை. முதல் வாரம் "வீட்ல கல்யாணமா அப்பு?" என்று கேட்டார். அடுத்த வாரம் "கல்யாணம் இன்னுமா முடியல?" என்றார். நாகல் நகரில் எங்கள் தெருவில் பேச்சு வேறு மாதிரி போனது. கல்யாணமாகாத வாலிபன் தினமும் ஒரு கூடை மல்லிகையோடு போகிறான் என்றால் போகிற இடத்தில் யாரோ இருக்க வேண்டும் அல்லவா? அந்த யாரோவுக்குத் தெருக்காரர்கள் பேர், ஊர், நிறம் எல்லாம் தீர்மானித்துவிட்டார்கள். கேட்டபோது எனக்கே அவளைப் பார்க்க ஆசையாக இருந்தது.

கடைசியில் பேச்சியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பூவிலிருந்து வாசனையைத் தனியாகப் பிரித்து எடுக்கப் போகிறேன், அதைப் படித்தால் எனக்குப் பட்டம் தருவார்கள் என்றேன். அவர் கையிலிருந்த படியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாசத்த உருவிட்டா அப்புறம் பூவுல என்ன அப்பு மிச்சம் இருக்கும்?"

ஆட்டுக் கொழுப்பு

மல்லிகையிடம் ஒரு விசேஷம் உண்டு. பறித்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. மாலையில் மலர்ந்து, மறுநாள் வரைக்கும் வாசனையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கொதிக்கவைத்தால் அந்த உயிர் போய்விடும். அதனால் கண்ணாடிப் பலகையில் கொழுப்பைத் தடவி, அதன் மேல் பூவைப் பரப்பி மூடிவைக்க வேண்டும். பூ விடுகிற வாசனையைக் கொழுப்பு மெள்ள மெள்ளக் குடிக்கும். மறுநாள் காலையில் பழைய பூவை எடுத்துவிட்டு, மாலையில் புதுப் பூ. சீசன் முழுக்க இப்படியே. அப்புறம் கொழுப்பிலிருந்து வாசனையைச் சாராயத்தால் கழுவி எடுக்க வேண்டும்.

புத்தகத்தில் பன்றிக் கொழுப்பு என்று போட்டிருந்தது. அதை எழுதியவர் குளிர் தேசத்துக்காரர். திண்டுக்கல் சித்திரை வெயிலில் வெறும் வனஸ்பதியைத் தடவினால் ரசமாக ஓடிவிடும். கறிக்கடையில் ஆட்டுக் கொழுப்பு வாங்கிவந்து, படிகாரம் போட்டுக் காய்ச்சி வடிகட்டி, வனஸ்பதியோடு கலந்தோம். அறையில் ஒரு மூலையில் ஆட்டுக் கொழுப்பு கொதிக்கும். மறு மூலையில் கூடை நிறைய மல்லிகை. மாலை வந்து மொட்டு விரியத் தொடங்கினால் நான் உடைந்த பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். மொட்டு விரிகிற சத்தம் கேட்கும் என்று நான் அடித்துச் சொல்வேன். அது எலி என்பார் ஆரோக்கியம் அண்ணன்.

அவருக்கு அந்த அறையின் கலவையான வாசனைதான் பெரிய சங்கடம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் முழங்கால் போட்டால்கூட கறிக்குழம்பு ஞாபகம் வந்துவிடுகிறதாம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டார்.

"தம்பி, ஒண்ணு கறிக்கொழம்பு வைங்க, இல்ல மாலை கட்டுங்க. ரெண்டையும் ஒரே ரூம்ல வச்சா நான் கும்புடுறதா சாப்புடுறதா?"

ஒரு கை தண்ணீர்

பூவில் ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் கொழுப்பு பூசணம் பிடித்துக் கெட்டுவிடும். இதைப் பேச்சியம்மாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டினார். ஆனால் பூ விற்கிற கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வாடிக்கைக்காரரின் கூடையில் பூவைக் கொட்டியதும் ஒரு கை தண்ணீர் தெளித்து அனுப்புவது. தெளிக்காமல் கொடுத்தால் வாடிய பூவைத் தலையில் கட்டியது போல அவர்களுக்கு மனசு கேட்காது. நான் மேலே பறக்கிற கிளிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், படிக்கிற பிள்ளையாயிற்றே என்ற பாசத்தில், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்திருக்கிறார். மாலை வரை அறையில் இருந்தும் அடிக்கூடை ஈரத்தை நான் கவனிக்கவில்லை. பூவின் மினுமினுப்பு என்று நினைத்து ரசித்தேன்.

முதல் சீசன் முடிந்து, கொழுப்பை மதுரைக்கு எடுத்துப் போய்ப் புரொபசர் முன்னால் மூடியைத் திறந்தேன். அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பச்சைப் புள்ளிகள் பூத்து, புளித்த எண்ணெய் வாடை. "இன்னும் ஒரு சீசன் தரலாம். அதுக்கு மேல பல்கலைக்கழகம் ஒத்துக்காது" என்றார். திரும்பி வருகிற ரயிலில், ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. அப்படி ஒரு துக்கம்.

என் அப்பா புகையிலை மண்டியில் வேலை பார்த்தவர். வாழ்நாளெல்லாம் புகையிலைச் சிப்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுப் போட்டு, வாசனை என்பதே அவருக்குத் தெரியாது. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை. டப்பாவைத் தட்டி ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்.

"மண்டியில ஒரு எடம் காலியா இருக்கு. அடுத்த ஆடி வரைக்கும் மொதலாளிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். பூவா, பொகையிலையான்னு அதுக்குள்ள முடிவு பண்ணிக்க."

மூக்கு கிடைக்கவில்லை

இரண்டாவது சீசனில் தண்ணீர் கிடையாது. கூடையை விட்டு நான் கண்ணெடுக்கவில்லை. கிளிகள் பாட்டுக்குப் பறந்தன. கொழுப்பு வெண்ணெய் மாதிரி சுத்தமாக இருந்தது. ஆனால் ஒருநாள் காலையில் பலகையை எடுத்து முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. கூடையிலிருந்த பூவை முகர்ந்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. மல்லிகையோடு குடியிருந்து குடியிருந்து என் மூக்குக்கு மல்லிகை மட்டும் செத்துவிட்டது. காப்பி தெரிந்தது. காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப் நாற்றம் நன்றாகவே தெரிந்தது. மல்லிகை மட்டும் தெரியவில்லை.

இது எப்பேர்ப்பட்ட கஷ்டம் என்று உங்களுக்குப் புரிகிறதா? கொழுப்பு வாசனையை ஒழுங்காகப் பிடிக்கிறதா, பூவை மாற்றுகிற நேரம் சரியா என்று தினமும் முகர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வேறு கருவி எங்களிடம் இல்லை. பேச்சியம்மாவைக் கேட்டால், தனக்கும் பூ வாசம் தெரிந்து பல வருஷமாச்சு என்று சிரித்தார். மார்க்கெட்டிலேயே யாருக்கும் தெரியாதாம். அப்பாவைக் கேட்பதில் அர்த்தமில்லை. நான் கடைசியாக நம்பியிருந்தது ஆரோக்கியம் அண்ணனை. அவர் பலகையை வாங்கி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பள்ளிக்கூட லாபில் பையன்களுக்காக அழுகின முட்டை நாற்றமடிக்கிற வாயுவைத் தயார் செய்துகொடுத்தே காலத்தை ஓட்டிய மனிதர்.

"எனக்குக் கெட்டது மட்டுந்தான் தம்பி தெரியும். இதுல ஒண்ணும் தெரியல, அப்ப நல்லாத்தான் இருக்கும்."

நாலு மார்க்கு

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள் அம்மா. நான் மாலையில் அறையிலிருந்து வந்தால் நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். சட்டையைக் கொல்லைக் கொடியிலேயே போட்டுவிட வேண்டும். காரணம் என் அக்கா. வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்து, வருஷம் திரும்புவதற்குள் அத்தான் காய்ச்சலில் போய்விட, எங்களிடமே திரும்பி வந்தவள். ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் மல்லிகை இல்லாமல் அவள் வாசல் தாண்டியதில்லை. இப்போது அவள் பூ வைக்கக் கூடாது. பிள்ளைகள் டீச்சருக்கென்று கொண்டுவருகிற பூவை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, மணி அடித்ததும் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் முன்னால் மல்லிகை மணக்க மணக்க நான் வந்து நிற்கலாமா என்பது அம்மாவின் நியாயம். எனக்கு அந்தக் கட்டுப்பாட்டின் மேலேயே கோபம். கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

மூக்கு தேடி அலைந்த அந்த வாரத்தில் ஒருநாள் கொல்லைக் கொடியில் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள்: "இன்னைக்குக் காலையில பூவ எடுக்க நேரமாச்சோ? வாடின வாடை கலந்திருக்கே." எனக்குக் கை நின்றுவிட்டது. அன்றைக்கு ஒரு மணி நேரம் தூங்கிப்போனது வாஸ்தவம். "நேத்து?" என்று கேட்டேன். "நேத்து நல்லா இருந்துச்சு. முந்தா நாள் உன் மல்லிகை மூக்குப்பொடி போட்டுச்சு." முந்தின நாளுக்கு முந்தின நாள்தான் அப்பா என்னைப் பார்க்க அறைக்கு வந்து, பலகைகளுக்குப் பக்கத்தில் செத்த நேரம் நின்றுவிட்டுப் போனார். கொழுப்பு பூவை மட்டுமா குடிக்கும்? கிட்டே வந்த எதையும் குடிக்கும்.

மறுநாள் முதல் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டில் கொழுப்பைத் தடவி, காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அவகிட்டப் போயி இத நீட்டுறியே, நெஞ்சுல ஈரமே இல்லையாடா ஒனக்கு?" என்றாள். அக்கா அதற்குள் கண்ணாடியை வாங்கிவிட்டாள். எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, வெளியே போய் நல்ல காற்று வாங்கிவந்து மறுபடி முகர்ந்தாள். அப்புறம் நோட்டுத் திருத்துகிற சிவப்புப் பென்சிலால் காகிதத்தில் மார்க்குப் போட்டாள். பத்துக்கு நாலு. தினமும் இது நடந்தது. ஐந்து வரும், ஆறு வரும், தோல் ஷாப் காற்று அடித்த அன்று ஒன்று வரும். கண்ணாடித் துண்டை முகர்கிற நேரத்தில் அவள் முகம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வரும். அதைப் பார்க்காத மாதிரி நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவள் கண்ணைத் திறந்தால் பழையபடி டீச்சர்தான்.

"ஜன்னலச் சாத்தாம வேடிக்க பாத்திருக்க. நாலு மார்க்குதான். போயி ஒழுங்கா எழுதிட்டு வா."

மணக்கிற சாராயம்

சீசன் முடிந்தது. கொழுப்பு எட்டு மார்க்கில் நின்றது. இனி அதைச் சாராயத்தில் கழுவ வேண்டும். மாநிலமே மதுவிலக்கில் இருந்த நேரத்தில், ஒரு தகரம் நிறையச் சாராயத்தோடு பஸ்ஸில் வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கையில் காலேஜ் வாங்கிக்கொடுத்த அனுமதிச் சீட்டு இருந்தும், மதுரையிலிருந்து திண்டுக்கல் வரும் வரை நான் மூச்சை மெதுவாகத்தான் விட்டேன்.

சாராயத்தில் கொழுப்பைக் குலுக்கிக்கொண்டிருந்த மூன்றாம் நாள், ஓட்டு அறை வாசலில் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ காய்ச்சுகிறான் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஆரோக்கியம் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சீட்டை நீட்டினேன். கான்ஸ்டபிள் பெரிய கண்ணாடி ஜாடியின் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. சப் இன்ஸ்பெக்டர் அவரை நகர்த்திவிட்டுத் தானும் முகர்ந்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தார். வெளியே பையன்கள் டிரில் பண்ணுகிற சத்தம் மட்டும் கேட்டது. சீட்டை அவர் சரியாகப் படித்தாரா என்றுகூட எனக்குச் சந்தேகம். போகும்போது கான்ஸ்டபிளிடம் சொல்லிக்கொண்டே போனார்.

"இம்புட்டு மணக்க மணக்க ஒருத்தன் சாராயம் வச்சிருந்தா அவனைப் பிடிச்சுட்டுப் போக யாருக்குய்யா மனசு வரும்?"

ஆள் ஏறாத வாசனை

கழுவிய சாராயத்தில் வாசனையோடு கொஞ்சம் கொழுப்பும் கரைந்து வந்துவிடும். நன்றாகக் குளிரவைத்தால் கொழுப்பு உறைந்து பிரியும். ஐஸ் வாங்கிப் பார்த்தோம். கடையிலிருந்து மரத்தூள் சாக்கில் கட்டி எடுத்துவருவதற்குள் பாதி தெருவுக்குப் போய்விடுகிறது. ஆரோக்கியம் அண்ணனுக்கு ஒரு மச்சான், கொடைக்கானலில் பங்களா ஒன்றில் சமையல்காரர். ஆடி மாதத்துச் சாரலில் அங்கே விடிகாலை எப்படிக் குளிரும் என்பது தெரிந்ததுதான். ஜாடியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

ரசாயனம் படித்த நான் ஒன்றை யோசிக்கவில்லை. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். சமவெளியில் இறுக்கி அடைத்த கார்க்கு, மலைப் பாதையில் சும்மா இருக்குமா? நான் பாட்டுக்குக் கீழே சின்னதாகிக்கொண்டு போகிற வயல்களையும் தென்னந்தோப்புகளையும் பார்த்தபடி கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் வத்தலக்குண்டு முழுக்க மல்லிகை பூத்திருந்தது. அக்கா அதற்கு நடுவில் நடந்து வந்தாள். கையில் சிவப்புப் பென்சில் இல்லை. கண் விழித்தால் வெளியே மேகம். உள்ளே மல்லிகை வாசமாம். கார்க்கு லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றதை என் மூக்கு எனக்குச் சொல்லவில்லை. எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிற தினுசில்தான் தெரிந்துகொண்டேன். பூ வைத்த ஒரு பெண்ணைத் தேடுகிறார்கள். அந்த பஸ்ஸில் பெண்களே இல்லை. உருளைக்கிழங்கு வியாபாரிகளும், ஒரு தபால்காரரும், நானும்தான். நான் துணிக்குள் கையை விட்டுக் கார்க்கை மெதுவாக அமுக்கினேன். கண்டக்டர் முன்னாலிருந்து பின்வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு டிரைவரிடம் கத்தினார்.

"அண்ணே, பூ வச்ச பொம்பளைய ஸ்டாண்டுலயே விட்டுட்டு வந்துட்டோம் போல. வாசம் மட்டும் ஏறி ஒக்காந்திருக்கு!"

கடைசி மார்க்கு

பங்களாவின் பின்கட்டில் விடிகாலைக் குளிரில் கொழுப்பு வெள்ளை வெள்ளையாக உறைந்து நின்றது. விரல் மரத்துப்போக அங்கேயே வடிகட்டினேன். ஊர் திரும்பி, சாராயத்தை மிதமான சூட்டில் ஆவியாக்கிப் பிரித்தேன். கடைசியில் குடுவையின் அடியில் தேன் நிறத்தில் ஓர் எண்ணெய் தங்கியது. ஒரு சீசன் பூ முழுக்க விரல் நீளக் குப்பியில் பாதிகூட இல்லை. முகர்ந்தேன். என் மூக்குக்கு அது வெறும் எண்ணெய். பொழுது விடிந்தால் மதுரைக்குப் போக வேண்டும். நான் கொண்டுபோகப் போவது பட்டமா, மண்டி நாற்காலியா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கையைப் புளி போட்டுக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு குப்பியை வாங்கித் திறந்தாள். எட்டப் பிடிக்கவில்லை. கிட்டவும் பிடிக்கவில்லை. திறந்தபடி அப்படியே இருந்தாள். கண்ணை மூடியவள் திறக்கவே இல்லை. கெட்டுவிட்டது, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருக்கிறாள் என்றே நினைத்தேன். "எத்தனக்கா?" என்று கேட்டேன். "அக்கா, மார்க்கு?"

அவள் குப்பியை விரல் நுனியில் ஒரு தடவை சாய்த்தாள். அந்த விரலைக் காதுக்குப் பின்னால், கொண்டைக்குக் கீழே, முன்பெல்லாம் பூச்சரம் தொங்குகிற இடத்தில் தடவிக்கொண்டாள். அப்புறம் குப்பியைப் பத்திரமாக மூடி என் கையில் வைத்தாள். அம்மா அடுப்புக்கு முன்னால் ஊதுகுழலும் கையுமாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா அம்மாவைப் பார்த்து, பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"பூ வைக்கக் கூடாதுன்னுதான சொன்னாக. இதுல பூ எங்கம்மா இருக்கு?"

அம்மா திரும்பி அடுப்பை ஊதத் தொடங்கினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பா மண்டியிலிருந்து வந்து, அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். மூக்குப்பொடிக்கு நான் மனசார நன்றி சொன்ன ஒரே நாள் அதுதான். நான் சந்தோஷத்தில் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

மறுநாள் மதுரையில் புரொபசர் குப்பியைத் திறந்தார். எதையும் லேசில் பாராட்டாத மனிதர். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று, என்னைப் போலவே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. "நீ ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கலாம். எனக்கு வகுப்பு இருக்கு, இத மூடிட்டுப் போக மனசு வரல" என்றார். அப்புறம் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு, நான் குறித்துக்கொண்டு போயிருந்த எடையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு சொட்டு கொறையுதே, எங்க போச்சு?"

ஆவியாகப் போயிருக்கும் என்று சொன்னேன், ஆய்வேட்டிலும் அப்படியே எழுதிப் பட்டமும் வாங்கிவிட்டேன். அந்தச் சொட்டு அன்று காலையில் நாகல் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் இன்றுவரை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவிக்கவில்லை.